'சாதனை' என்ற சொல்லைப் பற்றிச் சில வார்த்தைகள்

அசையக்கூடாது. வாய் அசையலாம், பேசுவதற்குத்தானே என்னை மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள், ஆனால் தலை திரும்பக்கூடாது, கால் மாற்றி நிற்கக்கூடாது. ஆடாமல் இருக்கிற ஏதாவது ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள், கண் ஓரிடத்தில் நின்றால் உடம்பும் நிற்கும் என்று யோகா மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மற்ற பிள்ளைகள் கொடிக்கம்பம், தண்ணீர்த் தொட்டி, பள்ளிப் பெயர்ப்பலகை என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள், என் மகள் மிருதுளா மட்டும் "நான் எங்கம்மாவப் பாத்துக்கறேன் மாஸ்டர், அவங்கதான மைக்ல பேசறாங்க" என்றாளாம். அதனால் நான் இப்போது கொடிக்கம்பம். "பெற்றோர்களே, பெரியோர்களே, சாதனை என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று இன்று பார்ப்போம்," என்று என் குரல் மைதானத்தின் நான்கு மூலை ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்தும் கொஞ்சம் தாமதமாக என்னிடமே திரும்பி வருகிறது. பேசி முடித்த வார்த்தையை இன்னொருத்தி பின்னாலிருந்து சொல்லிப் பார்ப்பதுபோல இருக்கிறது. எதிரே முந்நூறு பிள்ளைகள், கவிழ்த்து வைத்த முந்நூறு மண்பானைகளின் மேல், ஒரு காலில். இன்னொரு காலை மடித்துப் பாதத்தைத் தொடையில் பதித்து, நெஞ்சுக்கு நேரே கை கூப்பி, அரை மணி நேரம் நிற்க வேண்டும். ஒருவர் இறங்கினாலும் சாதனை கிடையாது, முந்நூறு பேருக்கும் கிடையாது, அதுதான் விதி என்று பிள்ளைகளிடம் பத்து நாளாகச் சொல்லியாகிவிட்டது. எல்லோரும் தாளாளர் படம் போட்ட மஞ்சள் பனியன். சும்மா வரிசையாகவும் நிறுத்தவில்லை, எழுத்தெழுத்தாக நிறுத்தியிருக்கிறோம். மேலே ஹெலிகேம் பறந்து படமெடுக்கும்போது பச்சைக் கம்பளத்தின்மேல் மஞ்சளில் 'சாதனை' என்று தெரியும். கீழே நிற்கிற யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரிவது ஒரு கூட்டம், அவ்வளவுதான், எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்று ஆசிரியர்களுக்கே குழப்பம், மிருதுளா முதல் எழுத்தின் துணைக்காலில் கடைசி ஆள், மேடைக்கு மிக அருகில், நான் நாலு படி இறங்கி நாலு எட்டு வைத்தால் அவள் தோளைத் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில். கீழுதட்டைக் கடித்திருக்கிறாள். கவனமாக எதையாவது செய்யும்போது நாக்கு நுனியை ஓரத்தில் நீட்டுவாள், எழுத்துக் கூட்டிய வயதிலிருந்தே அப்படித்தான், இன்று நாக்கு வெளியே வரவில்லை, உதட்டைக் கடித்திருக்கிறாள், அது வேறு. வெயில் ஏறிவிட்டது. பெற்றோருக்குப் பந்தல் போட்டிருக்கிறது, பிள்ளைகளுக்குப் போட முடியாது, பந்தல் போட்டால் மேலிருந்து எழுத்துத் தெரியாது.

நேரம் எவ்வளவு ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பெரிய கடிகாரத்தை மேடையின் முகப்பில், என் காலுக்குக் கீழே, பிள்ளைகளைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். சிவப்பு எண்கள் அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, கையிலே கட்டியிருக்கிற வாட்சைப் பார்க்க வேண்டுமானால் தலை குனிய வேண்டும், தலை குனியக்கூடாது. பிள்ளைகளின் கண்களைப் பார்த்துத்தான் நேரத்தை ஊகிக்கிறேன், ஆரம்பத்தில் எல்லாக் கண்களும் கொடிக்கம்பத்திலும் தொட்டியிலும் நிலையாக இருந்தன, இப்போது அடிக்கடி கீழே கடிகாரத்துக்கு நழுவி நழுவிப் போகின்றன, அப்படியானால் பாதிகூட ஆகவில்லை, பாதி தாண்டிவிட்டால் ஒரு தைரியம் வந்துவிடும். "இது வடமொழியிலிருந்து நம்மிடம் வந்த சொல். சாத் என்பது வேர். நேராகப் போய்ச் சேர்தல், எடுத்ததை முடித்தல் என்று அதற்குப் பொருள்." இதைப் பேசச் சொன்னது தாளாளர்தான். போன வாரம் அவர் அறைக்குக் கூப்பிட்டு, "டீச்சர், அந்த அரை மணி நேரமும் மைக் சும்மா இருக்கப்படாதுங்க. பாட்டுப் போட்டமுன்னா புள்ளைங்க ஆடிப்போடும். நீங்க பேசுங்க. சாதனைன்னா என்ன, எங்கிருந்து வந்துது, எப்படியெல்லாஞ் சொல்றோம், அந்த மாதிரி. நாமக்கல்லுல எந்த ஸ்கூல்லயும் தமிழ் மிஸ்ஸு இப்படிப் பேசுனதில்லைன்னு ஆகோணும்" என்றார். அதுவும் ஒரு சாதனையாக இருக்கட்டும் என்று நினைத்தார்போல. நானும் அகராதிகளைப் புரட்டி ஆசையாகத்தான் தயார் செய்தேன். அந்த ஒரு வேரிலிருந்து எத்தனை சொற்கள். சாதனம் என்றால் கருவி. சாதகம் என்றால் பழகுவது, பாடுகிறவர்கள் விடியற்காலையில் குரல் பழகுகிறார்களே அது. சாத்தியம் என்றால் முடியக்கூடியது. சாது என்பதுகூட அதே வேர்தான், நேரான ஆள், வம்புக்குப் போகாத ஆள், மிருதுளாவைப் பற்றி ஒவ்வொரு வகுப்பு ஆசிரியையும் என்னிடம் சொன்னது அதுதான், உங்க பொண்ணு ரொம்பச் சாது மிஸ், உக்காருன்னா உக்காருவா, நில்லுன்னா நிப்பா. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்திருக்கிறது. நில் என்றால் நிற்பாள். இப்போது பானைமேல் ஊன்றியிருக்கிற அவள் முழங்கால் லேசாக நடுங்குகிறது, அல்லது நான் பார்க்கிற வெயில் நடுங்குகிறது.

காலையில் தலை பின்னும்போது கேட்டாள். ரிப்பனை மடித்துப் பல்லில் கடித்துக்கொண்டு நான் வகிடெடுத்துக்கொண்டிருந்தேன், அவள் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் சீப்பைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, நான் விழுந்துட்டா எல்லாத்துக்கும் போயிருமா?" என்றாள். நான் ரிப்பனை வாயிலிருந்து எடுத்து, "நீ விழ மாட்டே அம்மிணி" என்றேன். வண்டியில் வந்த வழியெல்லாம் அந்தக் கேள்வி என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தது. அவள் விழுவாளா மாட்டாளா என்று என்னைக் கேட்கவில்லை. விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்ட கேள்வியை விட்டு வேறொன்றுக்குப் பதில் எழுதினால் நான் மதிப்பெண் போட மாட்டேன், கேள்வியைத் திரும்பப் படி என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுப்பேன். விழுந்துட்டா போகட்டும் சாமி, போனா என்ன, என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். ஆனால் அப்போது அடுப்பில் பால் இருந்தது, என் கணவர் தனபால் வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார், காலையிலிருந்து தண்ணி குடிக்கக் கூடாதுன்னு வாட்ஸ்அப்பில் போட்டிருக்காங்க, ஞாபகம் இருக்கா என்று கேட்டுக்கொண்டே. நடுவில் யாருக்கும் ஒன்றுக்கு வந்துவிடக்கூடாதே, அதனால் தண்ணீர் கூடாது. அவள் காலையில் பல் விளக்கியபோது வாய் கொப்புளித்த தண்ணீர்தான். இட்லிகூடப் பாதி வைத்துவிட்டாள், தொண்டையில் இறங்கவில்லை என்றாள். "சரி, இந்தச் சொல்லை நாம் எப்படியெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று பார்ப்போமா?" பந்தலில் முதல் வரிசையில் தாளாளர் தலையை ஆட்டுகிறார், அவர் பக்கத்தில் சாதனைப் புத்தகத்திலிருந்து வந்த நடுவர், இந்த வெயிலில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, மாம்பழ ஜூஸை உறிஞ்சியபடி. கண் கோடியில் அவ்வளவுதான் தெரிகிறது. தனபால் எங்கே என்று தெரியவில்லை, ஆனால் உயரத் தூக்கிய செல்போன்களில் ஒன்று அவருடையது. அவருடைய அக்கா வசந்தாமணியின் குரல் மட்டும் கூட்டத்தைத் தாண்டி வருகிறது, "எங்க அம்மிணியப் பாருங்கோ, அசையுதா? செல மாதர நிக்குது!"

வசந்தாமணி அண்ணியிடமிருந்துதான் இந்தச் சொல்லை நான் அதிகம் கேட்டிருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில், எம்.ஏ. படித்த மருமகள் முறத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று, "இவ்வளவு படிச்சு என்னத்தச் சாதிச்சே?" அரசு வேலைத் தேர்வில் இரண்டு முறை தவறியபோது, "ராப்பகலா லைட்டு எரிஞ்சதுதான் மிச்சம், என்னத்தச் சாதிச்சே?" முதல் குழந்தை தங்காமல் போனபோது அப்படிக் கேட்கவில்லை, பாவம், அன்றைக்கு என் தலையைத் தடவிக்கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும். அதை மைக்கில் சொல்ல முடியாது, மற்றவற்றைச் சொன்னேன், ஆள் பெயர் சொல்லாமல். "வீட்டில் இந்தச் சொல் பெரும்பாலும் கேள்வியாகத்தான் வருகிறது, இல்லையா? என்னத்தைச் சாதித்தாய்? சாதித்துக் கிழித்தாய்!" பந்தல் முழுக்கச் சிரிப்பு. கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் ஆள், "எங்கூட்டுல தெனமும் கேக்கறதுதானுங்க!" என்று கத்த, இன்னும் சிரிப்பு. மேடையில் நின்று ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைப்பது எனக்குப் பிடிக்கும், அந்தச் சிரிப்பு உடம்பில் இறங்கும்போது ஒரு கணம் நான் மிருதுளாவை மறந்துபோனேன், ஒரே ஒரு கணம்தான், பிறகு பார்த்தால் உதடு வெளுத்திருக்கிறது. பல்லுக்கடியில் சிக்கிய இடம் மட்டும் சிவப்பு. மடித்த காலின் விரல்கள் தொடையில் குச்சிபோல விறைத்திருக்கின்றன. சிரிக்க வைத்தது தப்பு, பிள்ளைகளும் சிரித்தால் ஆடிப்போவார்களே, பாட்டே கூடாது என்றாரே. ஆனால் பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. முந்நூறு பிள்ளைகள் இருக்கிற மைதானத்தில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. "மௌனம் சாதித்தாள் என்கிறோம். பொய்யைச் சாதித்தான் என்கிறோம். அழுது அடம்பிடித்து நினைத்ததைச் சாதித்துக்கொண்டது குழந்தை என்கிறோம். விடாமல் பிடித்துக்கொள்வது என்கிற பொருள் எல்லாவற்றிலும் உள்ளே இருக்கிறது, கவனித்தீர்களா?" மிருதுளா எதற்கும் அழுது அடம்பிடித்ததில்லை. அடம் பிடித்திருக்கலாம். இன்றைக்குக் காலையிலாவது, நான் வரலைம்மா என்று ஒரு கத்துக் கத்தியிருந்தால், நான் திட்டியிருப்பேன், இரண்டு வைத்திருப்பேன், ஆனால் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருக்கும். கேள்வியாகக் கேட்டுவிட்டாள். கேள்வி கேட்கிற பிள்ளையை என்ன செய்வது. யோசிக்காதே, பேசு. பேச்சு நின்றால் அவள் பார்வைக்கு என்ன ஆகுமோ.

யாராவது விழட்டும். இதை நான் நினைத்தேனா, அல்லது ரொம்ப நேரமாகவே இது உள்ளே இருந்து இப்போதுதான் கண்ணில் பட்டதா. ஒருவர் இறங்கினால் போதும், விசில் ஊதிவிடுவார்கள், எல்லோரும் இறங்கலாம், மிருதுளாமேல் பழி வராது, அவளுக்குத் தண்ணீர் கொடுக்கலாம். யாராவது ஒரு பிள்ளை. யார்? முதலில் இந்த நினைப்பே வேண்டாம் என்று தள்ளினேன், அது போகவில்லை, சரி, அடிபடாத மாதிரி யாராவது என்று சமாதானம் செய்துகொண்டேன், பிறகு, வகுப்பில் கேள்வி கேட்க ஆள் தேடுவதுபோல என் கண் தலையைத் திருப்பாமல் எட்டுகிற தூரம்வரை தேட ஆரம்பித்துவிட்டது. கிஷோர். ஐந்தாம் வகுப்பு பி பிரிவு, நல்ல உருளை உருளையான பையன், விழுந்தாலும் கம்பளத்தின்மேல் பந்துபோல எழுந்துவிடுவான், திட்டினாலும் சிரிப்பான், எதுவும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டான், அவன் விழலாம். நான் பாடம் நடத்துகிற பிள்ளை. என் கையில் மிட்டாய் கொடுத்துவிட்டுப் பிறந்தநாள் வாழ்த்து வாங்கிக்கொண்டு போகிற பிள்ளை. அவனைப் பார்த்து உள்ளுக்குள் விழு, விழு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், வாய் மட்டும், "சாதித்தவர்களுக்கும் நம்மைப்போல இரண்டு கை இரண்டு கால்தான்" என்கிறது. கிஷோர் பாறைபோல நிற்கிறான். அவன் அம்மா பிரேமா எங்கேயோ பந்தலில் உட்கார்ந்து யாரைப் பார்த்து விழு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளோ. பானைமேல் பிள்ளையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு தாயும் இன்னொருத்தி பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பார்வையெல்லாம் சேர்ந்து ஒரு பிள்ளையையாவது தள்ளிவிடாதா? மிருதுளாவைத் தள்ளிவிட்டால்?

விழுந்தது கிஷோர் இல்லை. வலது கோடியில், நான் பார்க்காத இடத்தில், பானை உடைகிற சத்தம் மட்டும் கேட்டது, கொஞ்சம் தாமதித்து 'அய்யோ' என்று ஒரு பெண்ணின் குரல். கண் கோடியில் மஞ்சளாக ஏதோ தரையில். கனிஷ்கா என்று யாரோ கூப்பிட்டார்கள், நான்காம் வகுப்பு, ஒல்லியான பெண், வாய்ப்பாடு சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வாள். எனக்குள் பெரிய மூச்சு ஒன்று இறங்கியது. அந்தப் பிள்ளைக்கு அடிபட்டதா என்பதுகூட இரண்டாவதாகத்தான் தோன்றியது, முதலில் தோன்றியது, அப்பாடா. பேச்சை நிறுத்தினேன். விசிலுக்காகக் காத்திருந்தேன். தாளாளர் நடுவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார், நடுவர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் வேப்பமரத்தைப் பார்த்தார், அழகான மரம்தான், பார்க்கலாம். பி.டி. சார் ஓடிவந்து கனிஷ்காவைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனார், முழங்காலில் ரத்தம், அவள் அழவில்லை, "சாரி சார், சாரி சார்" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் போன வழியிலிருந்தே இன்னொரு மஞ்சள் பனியன் ஓடிவந்தது, கையில் இன்னொரு பானை, கவிழ்த்து வைத்து, ஏறி, காலை மடித்துக் கை கூப்பி நின்றுவிட்டது. மேடைக்குப் பின்னால் நாற்காலிகளில் பனியன் போட்டு உட்கார வைத்திருந்த பத்துப் பிள்ளைகள் எதற்கு என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது. எழுத்தில் ஓட்டை விழக்கூடாது. தாளாளர் என்னைப் பார்த்துக் கையைச் சுற்றிக் காட்டினார், பேசுங்க டீச்சர், பேசுங்க.

அப்படியென்றால் விதியே இல்லை. ஒருவர் இறங்கினால் ஒன்றும் ஆகாது, பின்னாலிருந்து இன்னொருவர் வருவார். இது தெரிந்தவர்கள் தாளாளர், நடுவர், பி.டி. சார், மாஸ்டர், இப்போது நான். தெரியாதவர்கள் முந்நூறு பிள்ளைகள், அவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது, கொடிக்கம்பத்தைத்தான் பார்க்க வேண்டும், என் மகள் என்னைத்தான் பார்க்க வேண்டும், அவளுக்குப் பின்னால் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்டிருக்கும், ஒருவர் விழுந்தால் முடிந்தது என்று நினைத்திருப்பாள், முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று அவள் கண் என்னைக் கேட்கிறது. போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான். யாருக்கும் நஷ்டமில்லை. வலது காலைத்தான் எடுத்தேன், ஒரு சாண் தூரம், படிக்கட்டுப் பக்கம். மிருதுளாவின் உடம்பு அதே பக்கம் சாய்ந்தது. நான் இழுத்த மாதிரி. பானை விளிம்பில் குதிகால் நழுவி, கூப்பிய கை பிரிந்து, கண் மட்டும் என்னை விடாமல். நான் காலைப் பழைய இடத்தில் வைத்தேன். அவள் நிமிர்ந்தாள். கையை மறுபடி கூப்பினாள். தலையை மிக மிக லேசாக ஆட்டினாள், வேண்டாம்மா. கனிஷ்கா விழுந்தபோது உடைந்த பானைச் சில்லுகள் என் நெஞ்சில் எங்கோ கிடக்கின்றன. நான் போவதற்குள் அவள் விழுவாள். நான் போகாவிட்டால் நிற்பாள். நின்றுகொண்டேயிருப்பாள். மேடைக்குக் கீழே பி.டி. சார் திரும்பி வருவது தெரிந்தது, கண்ணால் அவருக்குச் சைகை காட்டினேன், மிருதுளா, அங்கே, தூக்குங்கள், என்று எவ்வளவோ கண்ணை உருட்டினேன், அவர் புரிந்துகொண்டு தலையாட்டி ஓடினார், ஓடிப்போய் ஒரு தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "தொண்ட காஞ்சிருச்சுங்களா டீச்சர்? நல்லாப் பேசறீங்க." பழக்கதோஷம், கையில் கொடுத்ததும் வாய்க்குப் போய்விட்டது. ஒரு மடக்கு. குளிர்ந்த தண்ணீர். விழுங்கும்போதுதான் பார்த்தேன், துணைக்கால் முழுக்க என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மிருதுளா எச்சில் விழுங்கினாள். விழுங்குவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

மைக் இருக்கிறதே. இத்தனை நேரமும் கையில் மைக்கை வைத்துக்கொண்டு கண்ணை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். காலை அசைக்க முடியாது, வாயை அசைக்கலாம். சொல்லிவிட வேண்டியதுதான், தாளாளர் என்ன நினைத்தாலும், நாளைக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். மூச்சை இழுத்து, "பிள்ளைகளே," என்றேன். "கால் வலிக்கிறவர்கள் இறங்கிவிடலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். போதும். இறங்கிவிடலாமா?" ஏன் அந்தக் கடைசி வார்த்தையைச் சேர்த்தேன். பதினாறு வருஷ வாத்தியார் வாய், எதையும் கேள்வியாகத்தான் முடிக்கும். வகுப்பில் பாடம் சூடு பிடிக்கும்போது புத்தகத்தை மூடுவதுபோல மூடி, "போதும், நிறுத்திவிடலாமா?" என்று கேட்பேன், எல்லோரும் சேர்ந்து "வேண்டாம் மிஸ்!" என்று கத்துவார்கள், அந்தச் சத்தத்துக்காகவே கேட்பேன், தலைமை ஆசிரியை அறைவரை கேட்கும். என்னிடம் படித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கு என்ன பதில் என்று தெரியும். வறண்ட தொண்டைகள் எல்லாம் சேர்ந்து, "மாட்டோம் மிஸ்!" பந்தல் அதிர்ந்தது. கைதட்டல், விசில், தாளாளர் எழுந்து நின்று இரண்டு கையையும் உயர்த்தித் தட்டினார், "கேட்டீங்களாங்க? கேட்டீங்களா?" என்று நடுவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். நடுவருக்கும் உண்மையாகவே கண் கலங்கிவிட்டதுபோல இருந்தது. மிருதுளாவின் வாயும் அசைந்ததைப் பார்த்தேன். மாட்டோம் மிஸ். வீட்டில் அம்மா, பள்ளியில் மிஸ், எப்போது எது என்று அவளுக்கு நான்தான் பழக்கிக்கொடுத்தேன். இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன், விளையாட்டுக்கு இல்லை, இறங்குங்கள், என்று மறுபடி சொன்னேன், கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை, எனக்குக்கூடப் பெட்டிகளிலிருந்து திரும்பி வரவில்லை, மேலே ஹெலிகேம் வண்டுபோல ரீங்காரமிட்டுக்கொண்டு தாழ வந்தது, எழுத்தைப் படமெடுக்க.

அதன்பிறகு நான் என்ன பேசினேன் என்று தெரியாது. பேசிக்கொண்டே இருந்தேன் என்பது மட்டும் தெரிகிறது. சாதனையாளர், சாதனைப் பெண், வாழ்நாள் சாதனை, இமாலய சாதனை, நாளிதழில் படித்த எல்லாத் தொடர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன், பொருள் சொன்னேன், வாக்கியத்தில் அமைத்துக் காட்டினேன், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது சத்தமாகிவிடும், சா, த, னை, மூன்று சத்தம், பல்லில் நாக்குப் படுகிறது, அவ்வளவுதான். மிருதுளாவின் முகத்தில் இப்போது வலி இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. கடித்த உதட்டை விட்டுவிட்டாள், நெற்றி சமனாகிவிட்டது, முழங்கால் நடுக்கம்கூட நின்றுவிட்டது, கண் மட்டும் என்மேல், ஆனால் என்னைப் பார்க்கிற கண் இல்லை, கொடிக்கம்பத்தைப் பார்க்கிற கண். நான் அவளுக்கு அம்மாவாக இல்லாமல் போய் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். காய்ச்சலில் ஒருமுறை அப்படிப் பார்த்திருக்கிறாள், மூன்று வயதில், அப்போது மடியில் போட்டுக்கொண்டு பேர் சொல்லிப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், மிருது, மிருது, இங்கே பார், என்று, கூப்பிடக் கூப்பிடத் திரும்பி வந்தாள். இப்போது கூப்பிட்டால்? மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாளோ. கூப்பிடாவிட்டால் வராமலே போய்விடுவாளோ. "முடியாதது என்று ஒன்று இல்லை என்பதே சாதனை," என்று சொல்லிக்கொண்டிருக்கிறது என் வாய். எந்த அகராதியிலும் அப்படிப் போட்டிருக்கவில்லை.

சைரன் ஊதியது. எல்லாம் ஒரே நேரத்தில் சரிந்தன, பிள்ளைகள் பானைகளிலிருந்து குதித்து, சிலர் உட்கார்ந்து, சிலர் ஓ என்று கத்திக்கொண்டு தண்ணீர் டிரம்முக்கு ஓடி, ஜிகினாத் தாள் வெடித்து மைதானம் முழுக்கப் பறந்து, தாளாளர் நடுவர் கையிலிருந்து சட்டம் போட்ட சான்றிதழை வாங்கித் தலைக்குமேல் தூக்கி, நான் மைக்கைக் கீழே போட்டேனா வைத்தேனா தெரியாது, நாலு படி, நாலு எட்டு. அவள் இன்னும் பானைமேல்தான் நின்றாள். எல்லோரும் இறங்கிய இடத்தில் அவள் மட்டும் கை கூப்பிக்கொண்டு, நான் மேடையில் நின்றிருந்த இடத்தை, வெறும் இடத்தை, பார்த்துக்கொண்டு. இடுப்பில் கைகொடுத்து அள்ளித் தூக்கினேன், மரக்கட்டைபோல வந்தாள், ஒன்பது வயதுப் பிள்ளை இவ்வளவு லேசாகவா இருப்பாள். "முடிஞ்சுது சாமி, முடிஞ்சுது, இங்க பாரு, அம்மா." வசந்தாமணி அண்ணி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து, "சாதிச்சுட்டா பாரு எம் மருமவ! சாதிச்சுட்டா!" என்று அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினார், அவர் கண்ணிலும் தண்ணீர், தனபால் செல்போனை இறக்காமலே, "கண்ணு, இங்க அப்பாவப் பாரு, ஒரு சிரி, ஒரே ஒரு சிரி" என்றார். மிருதுளா சிரித்தாள். சிரித்தபோது என் தோளில் தலை சாய்ந்தது, என் கழுத்தில் அவள் மூச்சு சுட்டது, திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே அவளைக் கீழே நிறுத்தப் போனபோதுதான் பார்த்தேன், வலது கால் இன்னும் மடிந்தபடி, பாதம் தொடையில் ஒட்டியபடி இருந்தது. தொட்டேன், சில்லென்று இருந்தது. விரலை ஒவ்வொன்றாக நீவினேன். "காலை இறக்கு சாமி," என்றேன். அவள் என் தோளிலிருந்து தலையைத் தூக்காமல், தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல,

"இறக்கிட்டேனேம்மா," என்றாள்.